மலைவீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? குழந்தைகளோடு வருகிறவர்களுக்காகச் செய்ய வேண்டியவை

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் வடமதுரை, வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் கொடைக்கானலுக்கும் சிறுமலைக்கும் கிளம்பிவிடுகின்றன. லாட்ஜ் அறையில் நெருக்கிப் படுப்பதைவிட, சமையலறையோடு ஒரு வீட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பது வசதி என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் வீடு வாங்கி இப்படி வாடகைக்கு விடுகிற சகோதரர்கள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதையே கேள்விகளாகக் கேட்டுக்கொள்ளலாம்.

‘குழந்தைகளுக்கு ஏற்ற வீடு’ என்று விளம்பரம் செய்கிறோம். பெரும்பாலும் அதன் பொருள் வாசலில் ஓர் ஊஞ்சலும் சுவரில் இரண்டு கார்ட்டூன் படங்களும்தான். ஊஞ்சல் இல்லாத வீட்டில் குழந்தை சற்று அழும், அவ்வளவே. ஆபத்து ஹீட்டரிலும் மாடியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கிறது.

வீடு தேடி வரும் உறவினருக்குச் செய்வது விருந்தோம்பல். காசு வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது ‘இஜாரா’ என்னும் ஒப்பந்தம். வணிகத்தில் குறையை மறைக்கக் கூடாது என்ற விதி இதற்கும் பொருந்தும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் கைப்பிடிக் கம்பியும் அந்த ஈரத் தானியம் போன்றதுதான்.

குளிரும் நெருப்பும்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். சமவெளியில் வளர்ந்த நம் குழந்தைகள் நடுங்குவார்கள். பெற்றோர் ஜன்னலை அடைத்து, அறைக்குள் நெருப்பு வைப்பார்கள். கரியோ கேஸோ சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலையூருக்குச் சுற்றுலா சென்ற கேரளத்தினர் எட்டுப் பேர், கேஸ் ஹீட்டர் எரிந்த ஒரே அறையில் கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்கி இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். நம் மாவட்டத்திலும் நடந்தது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில் தங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கி உயிரிழந்தார்கள்.

ஆகவே கரி அடுப்பை முற்றத்தோடு நிறுத்துங்கள். அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று எழுதி ஒட்டினால் போதாது, சாவி கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு கனமான கம்பளி கொடுங்கள். ஹீட்டர் வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் வாங்குங்கள், அதில் சுடர் கிடையாது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள். அதன் புகைக்குழாய் திறந்தவெளிக்குப் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இணையத்தில் கிடைக்கிறது. படுக்கையறைக்கு ஒன்று வாங்கி மாட்டுங்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு தீப்பற்றிய செய்தி வந்தபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

மாடியும் தண்ணீரும்

தடுப்பு இல்லாத கூரையில் உறங்குகிறவர் தம் பாதுகாப்பைத் தாமே இழந்தவர் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. மே மாதத்தில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கும் நமக்கு இது புரியும். மலைவீட்டில் மாடியைத் ‘வியூ’ தெரிய வேண்டும் என்று திறந்து விடுகிறார்கள், அல்லது படுக்கைவாட்டில் நான்கு கம்பி போடுகிறார்கள். படுக்கைவாட்டுக் கம்பி குழந்தைக்கு ஏணி. கம்பிகள் செங்குத்தாக இருக்கட்டும். இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, உயரம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. நாற்காலி, டீபாய் எதையும் கம்பியோரம் போட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் நீச்சல்குளத்தை நினைக்கிறார்கள். தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும். தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. தண்ணீர் நின்றுவிடுமோ என்று உளூவுக்கும் குளியலுக்கும் இரவே வாளிகளை நிரப்பி வைப்பது நம் வீடுகளின் பழக்கம். அதனால் மூடியுள்ள டிரம் வையுங்கள், குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு அவசியம். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை வெந்துபோகச் செய்யும். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பீரோவையும் டி.வி.யையும் சுவரோடு பிணையுங்கள்.

கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவுக்கே வருகின்றன. கேட்டைச் சாத்தி வைக்கவும், மஃக்ரிபுக்குப் பிறகு குழந்தைகளைத் தனியே வெளியே விடாதிருக்கவும் சொல்லுங்கள். சமவெளிக் குழந்தை அதை மாடென்று எண்ணித் தொடப் போகும்.

வந்தவர்கள் மனம் ஒட்ட

இதற்குச் செலவு குறைவு. கழிவறையில் தண்ணீர்க் குழாயும் குவளையும், ஒரு முஸல்லா, சுவரில் கிப்லா அம்புக்குறி. நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கல்ல, மேற்கிலிருந்து சுமார் 21 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால், பால்பொடி கரைக்கும் தாய்க்குக் காய்ச்சிய தண்ணீர் தயாராக இருக்கட்டும். மற்ற மதத்துக் குடும்பங்களும் வருவார்கள், அவர்களையும் இதே கவனத்தோடு நடத்துங்கள்.

கேமரா கேட்டுக்கு வெளியே மட்டும். உங்களிடம் மறுசாவி இருந்தாலும் தங்கியிருப்பவர் அனுமதியின்றி நுழையாதீர்கள். வீடு உங்களுடையது, அந்த இரண்டு நாள் அதன் அந்தரங்கம் அவர்களுடையது. பெண்கள் இருக்கும் வீடு என்பதால் இதில் நான் எந்தச் சலுகையும் பார்க்கவில்லை.

கதவின் உட்புறம் ஒரு தாளில் வீட்டின் முழு முகவரி, அருகிலுள்ள அடையாளம், அரசு மருத்துவமனைக்கு வழி, 108, உங்கள் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சிரைத்தால், எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்றே வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவூட்டுங்கள், 2024 மே 7 முதல் அது நடைமுறையில் உள்ளது. மலேசியா, இலங்கை போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் உள்ள உறவினர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.