கார் விபத்துக்குப் பின்: மறைந்திருக்கும் காயங்களும் வீட்டுப் பராமரிப்பும்

கார் மோதி நின்றுவிட்டாலும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கி நகர்கிறது. இருக்கைப் பட்டையோ காற்றுப் பையோ உடலைத் தடுத்து நிறுத்திய பின்னும் மூளை, கல்லீரல், மண்ணீரல், குடல் ஆகியவை ஒரு கணம் நகர்ந்து, பின்னரே நிற்கின்றன. தோலில் கீறல்கூட இல்லாத ஒருவருக்கு உள்ளே இரத்தக் கசிவு ஏற்படக் காரணம் இதுவே. வண்டியிலிருந்து தாமாக இறங்கி நடந்தார் என்பது, காயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வயிறு

வயிற்றின் குறுக்கே பட்டை அழுத்திய சிவந்த தடம் காணப்பட்டால், குடலில் கிழிசல் இருக்கக்கூடும் எனக் கருதிப் பரிசோதிக்க வேண்டும். பட்டையின் மீது குறை காண வேண்டியதில்லை. அது இல்லாதிருந்தால் காயம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். குடல் கிழிசலின் வலி ஓரிரு நாள் கழித்தே வலுப்பெறலாம். மண்ணீரல் காயம் சில நாட்களுக்குப் பின்னரும் திடீரென இரத்தம் கசியச் செய்யலாம். வயிறு இறுகுதல், இடது தோளில் காரணமற்ற வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைக்கவும். மருந்துக் கடையில் வலி நிவாரண ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவது, இந்த எச்சரிக்கைகளை மறைத்துவிடும். கர்ப்பிணிகள் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நிமோனியா, மூளை உறைக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் காய்ச்சல் என்பது அவசர நிலையே.

தலை, கழுத்து, மார்பு

தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவர் தூங்கலாம். ஆனால் முதல் இரவில் மருத்துவர் கூறிய இடைவெளியில் எழுப்பி, தம் பெயரையும் இருக்கும் இடத்தையும் சரியாகச் சொல்கிறாரா எனப் பார்க்க வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, மூக்கு அல்லது காதிலிருந்து நீர் வடிதல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள். முதியோருக்கும், இதய நோய்க்காக அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகச் சேரக்கூடும். மூன்று வாரங்கள் கழித்து நடை தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ, வயதின் மீது பழி போட்டுவிட வேண்டாம்.

கழுத்து வலி மறுநாள் தொடங்குவது இயல்பு. எலும்பு முறிவு இல்லை என உறுதியான பின், மெதுவான அசைவே நல்ல மருந்து. வாரக்கணக்கில் பட்டை அணிந்திருப்பது தசைகளைத் தளரச் செய்யும். முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை அறவே தவிர்க்கவும். கை கால்களில் மரத்துப்போதல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விலா எலும்பு முறிவுக்கு மார்பைச் சுற்றிக் கட்டுப் போடுவதில்லை. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுபவருக்குச் சளி தேங்கி நிமோனியா வருகிறது. எனவே வலி மருந்தைச் சரியான நேரத்தில் எடுத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சு விட வேண்டும். இதற்காகத் தரப்படும் மூன்று பந்துகள் கொண்ட கருவி, பல வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை அதனைப் பயன்படுத்த வேண்டும்.

எலும்பு முறிவும் நீண்ட மாதங்களும்

தொடை எலும்பு கூடுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். உள்ளே பொருத்தப்படும் கம்பி, எலும்பு கூடும் வரை அதைத் தாங்கி நிற்பதற்கானது. காலை எப்போது ஊன்றலாம் என்பது முறிவின் இடத்தைப் பொறுத்தது; பக்கத்துப் படுக்கைக்காரர் நடக்கிறார் என்பதற்காக நாமும் நடக்கக் கூடாது, அனுமதி கிடைத்த பின் அச்சத்தால் படுத்தே இருக்கவும் கூடாது. இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத்தரும் பயிற்சிகளைத் தவறவிட்டால் முழங்கால் மடங்காமல் இறுகிவிடும். அதைப் பின்னர் மீட்பது கடினம்.

மாவுக்கட்டு போட்ட பின் விரல்கள் நீலமானாலோ, மரத்தாலோ, விரலை அசைத்தால் தாங்க முடியாத வலி எடுத்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். இரத்த ஓட்டம் தடைப்பட்ட தசை சில மணி நேரத்தில் அழியத் தொடங்கும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கமாகக் கட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

அசையாமல் இருக்கும் காலில் இரத்தம் உறையலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். திடீர் மூச்சுத்திணறல் இதன் அறிகுறி. தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம்.

முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் எனக் கூறி நோயாளிக்கு வெறும் ரசம் சோறு தருவதைக் காண்கிறோம். புண் ஆறவும் எலும்பு கூடவும் தேவைப்படுவது அந்தப் புரதமே. புகைப்பிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

மனம்

ஹாரன் ஒலிக்கு நடுங்குதல், கனவில் விபத்து மீண்டும் வருதல், காரில் ஏற மறுத்தல் ஆகியவை முதல் வாரங்களில் பலருக்கும் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால் சிகிச்சை தேவை. அதனால் பயனும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இரவு பகலாக உடனிருப்பவருக்கும் அதே எண் பொருந்தும்.

செலவும் ஆவணங்களும்

தமிழ்நாட்டின் எல்லைக்குள் நிகழும் சாலை விபத்துகளில் காயமடைந்தோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். விபத்துப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் அறிக்கை, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.