செயற்கைச் செவியும் சந்தடியும்

அவுஸ்திரேலியாவிலே, கம்டன் என்னும் சிற்றூரில் மருந்துக் கடை நடத்தியவர் ஒருவருக்குக் காது மந்தம். தாழ்ந்த குரலில் மருந்து கேட்போரை உரத்துச் சொல்லுமாறு அவர் வேண்டுவார். மற்றையோர் கேட்க நோயின் பெயரைக் கூறுவது எவருக்குத்தான் சங்கடமன்று? அக்காட்சியைக் கண்டு வளர்ந்த அவர் மைந்தரே பேராசிரியர் கிரேம் கிளார்க்.

செவிநரம்பை மின்னால் தூண்டும் முயற்சி அவருக்கு முற்பட்டது. 1957ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியெஸ் என்னும் இருவர் அதனைச் செய்தனர். நோயாளி பேச்சின் தாளத்தை உணர்ந்தாரேயன்றிப் பேச்சை விளங்கிக்கொண்டாரல்லர். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் பொருத்திய ஒற்றை மின்வாயும் இக்குறையைத் தீர்க்கவில்லை.

உட்செவியோ நத்தை ஓடுபோற் சுருண்டது. அதன் அடிப்புறம் உயர்ந்த சுருதிக்கும் நுனி தாழ்ந்த சுருதிக்கும் உரியன. ஆகவே பல மின்வாய்கள் வேண்டும். அவற்றைச் சுருளினுள் ஏற்றுவது எவ்வாறு? 1977இல் கடற்கரையொன்றிற் சங்கினுள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்த கிளார்க், நுனி நெகிழ்ந்தும் அடி விறைத்தும் இருப்பின் அது எளிதாக ஏறுமெனக் கண்டார். 1978 ஓகஸ்ட் 1ஆந் திகதி மெல்பேணில் 10 மின்வாய்கள் கொண்ட கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

அமைதியான அறையில் அது நன்கு பயன்பட்டது, சந்தடியில் தடுமாறியது. காரணம் உண்டு. பேச்சொலியிலிருந்து உயிரெழுத்தைக் காட்டும் முக்கிய அதிர்வை மாத்திரம் பொறுக்கி எடுத்தனுப்புவதே அக்கருவியின் முறை. கோப்பைகள் மோதும் ஓசையையும் அது உயிரெழுத்தென மயங்கும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கருவியிடம் விட்டதே தவறு எனலாம்.

அமெரிக்கரான பிளேக் வில்சன் 1991இல் வேறு வழியை வெளியிட்டார். எதனையும் பொறுக்காது, ஒவ்வோர் அதிர்வுப் பகுதியின் ஏற்றவிறக்கத்தையும் அதற்குரிய மின்வாய்க்கு அனுப்புக; ஆனால், மின்வாய்களை ஒரே கணத்தில் இயக்காது ஒன்றன்பின் ஒன்றாக இயக்குக என்றார். உட்செவித் திரவத்தில் மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதை இது தடுத்தது. விளங்கிக்கொள்ளும் பணி மூளையைச் சார்ந்தது.

ஒருவர் செவி மற்றொருவர் செவியன்று. மெல்லென எத்துணை மின்னோட்டம் கேட்கிறது, எத்துணைக்கு மேல் வருத்துகிறது என்பதை மின்வாய்தோறும் அளந்து, அவரவர்க்கெனக் கருவியைச் செப்பஞ் செய்கின்றனர். இரு ஒலிவாங்கிகளைக் கொண்டு, முகத்தெதிரே பேசுவோரின் குரலை ஏற்றுப் பின்னாலெழும் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. எனினும் 22 மின்வாய்கள், ஏறத்தாழ 30,000 இழைகள் கொண்ட செவிநரம்புக்கு ஈடாகா. நால்வர் ஒருங்கே பேசும் விருந்து மேசையில் அக்கருவி அணிந்தோர் இன்றும் பேசுவோரின் உதடுகளையே உற்றுநோக்குகின்றனர்.