டேனியல் ஓவியங்களும் தமிழக வரலாற்றுச் சான்றும்

ஓவியக் கலைஞர் பிறநாடு சென்று, ஆங்குக் கண்ட காட்சிகளைத் தீட்டிக் கொணர்தல் ஐரோப்பாவில் நெடுநாளைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர் பெரிதும் நாடிச் சென்ற நாடு இத்தாலியாகும். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருள் சிலர் கீழ்நாடுகளை நோக்கினர். அச்சிலருள் தமிழகத்தின் கோயில்களையும் கோட்டைகளையும் மலைகளையும் நேரிற் கண்டு எழுதியோர் தாமஸ் டேனியலும் (1749–1840), அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் டேனியலும் (1769–1837) ஆவர். இவ்விருவர் படங்களும் இன்று நம் வரலாற்று நூல்களில் நிழற்படம்போலக் கருதப்பெற்று, ஆராய்ச்சியின்றியே இடம்பெறுகின்றன. அவற்றை எந்த அளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

தாமஸ் டேனியல் இளமையில் வண்டிகளுக்கு வண்ணந்தீட்டும் தொழில் பயின்றவர். பின்னர் இலண்டன் அரச கலைக்கழகத்திற் பயின்று இயற்கைக் காட்சி ஓவியரானார். 1784-இல் செதுக்கோவியர் என்ற முறையில் இந்தியாவில் தொழில் புரியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவைப் பெற்று, 1785-இல் வில்லியமைத் துணையாக அழைத்துக்கொண்டு புறப்பட்டார். சீனம் வழியாக 1786-இல் கல்கத்தா அடைந்த இருவரும், இந்நாட்டு உதவியாளரைக் கொண்டு அந்நகரக் காட்சிகள் பன்னிரண்டைச் செப்புத்தகட்டில் அமைத்து 1788-க்குள் வெளியிட்டனர். 1788 முதல் 1791 வரை வடநாட்டிற் சுற்றி, இமயமலைச் சாரலிலுள்ள கடுவால் நாட்டுச் சீநகர் வரை சென்றனர். தென்னாட்டுச் செலவு 1792-இல் நிகழ்ந்தது.

இவ்வாண்டு தற்செயலாக அமைந்ததன்று. இவர்க்கு முன்னரே வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் 1780-இல் சென்னைக்கு வந்திருந்தார். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன்சென்று புகழ்பெற்றவர் அவர். ஆயினும், அவ்வாண்டிலேயே ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதியுட் புகுந்தமையின், அவர் தென்னாட்டின் உட்பகுதிகளைக் காண இயலாது வங்காளஞ் சென்றார். பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின், 1792 மார்ச்சுத் திங்களில், திப்பு சுல்தானோடு சீரங்கப்பட்டண உடன்படிக்கை நிறைவேறிற்று. பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தன. அத்திங்களின் இறுதியிலேயே டேனியல்கள் சென்னையில் வந்திறங்கினர். படை சென்ற வழி திறந்தபின்னரே ஓவியர் செல்லும் வழியும் திறந்தது. ஓசூர், ராயக்கோட்டை முதலிய இடங்களின் காட்சிகள் இவர்தம் தொகுதியில் இடம்பெற்றமைக்கு அவற்றின் வனப்பு மட்டும் காரணமன்று; அண்மைப் போரின் செய்திகளால் அப்பெயர்கள் ஆங்கிலேயர் செவிக்குப் பழகியிருந்தமையும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

தெற்கே சென்ற இவர்கள் மதுரை, பாபநாசம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களின் காட்சிகளை எழுதினர்; மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் பாறைச் சிற்பங்களையும் எழுதினர். 1793-இல் மேலைக்கரைக்குச் சென்று, 1794-இல் இங்கிலாந்து மீண்டனர். 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுதி, பகுதிக்கு இருபத்து நான்காக ஆறு பகுதிகளில் 144 படங்களைக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில், திருச்சிராப்பள்ளி மலை, மதுரை அரண்மனை ஆகியவற்றின் படங்கள் 1798-இல் அச்சேறின. பாபநாச அருவியின் படம் வெளிவர 1804 வரை ஆயிற்று. காட்சி கண்ட ஆண்டிற்கும் படம் வெளிவந்த ஆண்டிற்கும் இடையே ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பது உளங்கொளத்தக்கது.

இடைப்பட்ட அக்காலத்தில் நிகழ்ந்தவை யாவை? களத்தில் முதற்கண் எழுதப்பெற்றது கரிக்கோல் வரைவு. அதற்குக் ‘காமிரா அப்ஸ்கூரா’ என்னும் இருட்பெட்டிக் கருவியை இவர்கள் பயன்படுத்தினர். கருவியினுள் விழும் உருவத்தின் மேல் கோடிடுதலால், கட்டடத்தின் அளவும் நிலையும் பெரிதும் பிறழாது அமைந்தன. அவ்வரைவின்மேல் நீர்வண்ணம் பின்னர் ஏற்றப்பெற்றது. இலண்டனில் அது செப்புத்தகட்டிற்கு மாற்றப்பெற்றது. தகட்டின்மேல் பிசின்பொடி தூவிப் பதித்து, அமிலத்தால் அரிக்கச் செய்து, நிழலும் ஒளியும் தோன்ற அச்சிடும் ‘அக்வாடிண்ட்’ முறையை அவர்கள் கையாண்டனர். அச்சான தாளுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். ஆதலின், ஒரே தகட்டினின்று பெற்ற இரு படிகளில் வானின் நிறமும் மதிலின் நிறமும் வேறுபடுதல் கூடும்.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பயின்ற நமக்கு இந்நிலை புதிதன்று. களத்து வரைவு மூல ஏடு போல்வது. நீர்வண்ணப் படம் பெயர்த்தெழுதிய படி போல்வது. செப்புத்தகட்டுப் படம் அச்சுப் பதிப்பு போல்வது. பெயர்த்தெழுதுவோர் கையில் பாடம் வேறுபடுமாறு போல, ஓவியத்திலும் நிலைதோறும் வேறுபாடு புகும். அக்காலத்து ஆங்கில ஓவியர் போற்றிய ‘பிக்சரஸ்க்’ என்னும் எழிற்கொள்கை, முன்புறத்தில் இருளும் நடுவில் ஒளியும் தொலைவில் மங்கலும் வேண்டும் என்றது. சிதைந்த கட்டடத்தையும் முறுக்குண்ட மரத்தையும் விரும்பியது. அக்கொள்கைக்கு இயையச் சேர்க்கப்பெற்ற மரமும் மாந்தரும் இடைச்செருகல் போல்வன. அவற்றைக் கொண்டு அக்காலத்து ஆடையணிகளையும் ஊர் வாழ்க்கையையும் துணிதல் ஆராய்ச்சி நெறிக்குப் பொருந்தாது.

தலைப்புகளும் ஆராயத்தக்கன. ‘குமரிமுனை’ எனப் பெயரிட்ட ஒரு படம் களக்காட்டின் அருகிலிருந்து எழுதப்பெற்றது என்பதை அதன் தலைப்பே தெரிவிக்கின்றது. முதற்சொல்லை மட்டும் கொள்வார் அதனைக் கடற்கரைக் காட்சியென மயங்குவர். மேலும், 1803-இல் வெளியான எல்லோராப் படங்கள் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியரின் வரைவுகளினின்று ஆக்கப்பெற்றவை. டேனியல் பெயர் பூண்டிருப்பினும், அவை டேனியல்கள் நேரிற் கண்டு எழுதியவை அல்ல.

இங்ஙனம் கூறுதலால் இப்படங்களை ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. அயலார் நோக்கில் எழுந்தவை ஆதலின் இவை பயனில என்பாரும் உளர். அக்கூற்று மதுரை அரண்மனையின் முன் நிலைபெறாது. திருமலை நாயக்கர் (1623–1659) எடுப்பித்த அம்மாளிகையின் பெரும்பகுதி பிற்காலத்தில் அழிந்தது. எஞ்சிய பகுதி, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியாற் பழுதுபார்க்கப்பெற்றது. நாம் இன்று காண்பது அப்பழுதுபார்ப்பிற்குப் பிந்திய வடிவம். டேனியல்களோ அதற்கு எழுபது ஆண்டுகட்கு மேல் முற்பட்ட நிலையைக் கண்டவர். தூண், வளைவு, மேற்கூரை ஆகியவற்றுள் நாயக்கர் காலத்தன எவை, பின்னர்ப் புதுக்கியன எவை எனப் பிரித்தறிய முயல்வார்க்கு இப்படங்கள் இன்றியமையாதன. நிழற்படக்கலை தோன்றாத காலத்திற்கு இத்தகைய சான்று அரிது.

எனவே, இப்படங்களை எடுத்தாள்வார் மூன்றனை நோக்குதல் வேண்டும். முதலாவது, காட்சி காணப்பெற்ற ஆண்டையும் படம் வெளியான ஆண்டையும் வேறு வேறாகக் குறித்தல். இரண்டாவது, களத்து வரைவு கிடைக்குமிடத்து அதனையே முதன்மையாகக் கொண்டு அச்சுப்படத்தை அதனோடு ஒப்பிடுதல். அவ்வரைவுகள் பல இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மூன்றாவது, கட்டடத்தையும் அதனைச் சூழ்ந்த அணியையும் ஒரே தரத்தனவாகக் கொள்ளாமை. கல்வெட்டும் சுவடியும் இத்தகைய ஆய்வைப் பெற்ற பின்னரே சான்றாக ஏற்கப்படுகின்றன. ஓவியமும் அத்தேர்வினின்று விலக்குடையதன்று.