பாடசாலைப் படலைக்கு வெளியே

1943ஆம் ஆண்டில் லியோ கனர் என்னும் அமெரிக்க மருத்துவர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஓட்டிசம் என்று நாம் இன்று அறியும் நிலைக்கு மருத்துவ நூல்களில் இடம் தந்தது அவ்வுரையே. அதில் முதலாவதாக வருபவன் டொனால்ட். 1942இல் பெற்றோர் அவனைக் குத்தகை நிலம் உழுத ஒரு தம்பதியிடம் ஒப்படைத்தனர். அளப்பதும் எண்ணுவதுமே அவன் ஓயாத வேட்கை. உழவர் அதைக் கண்டிக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து ஆழத்தைக் கேட்டார். சோள வரிசைகளை எண்ணியபடியே உழச் செய்தார். டொனால்ட் பட்டதாரியாகி, சொந்த ஊர் வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்து, 2023இல் மறைந்தார். அவ்வங்கி அவருடைய தாய்வழிப் பாட்டனார் நிறுவியது என்பதையும் மறைக்கலாகாது. ஏனையோரில், அரசாங்க மருத்துவமனைகளில் விடப்பட்டவர்கள் ஒளியிழந்து போயிருந்ததை 1971இல் கனரே எழுதினார்.

ஒலுவிலில் அந்த உழவரின் வயல் எங்கே இருக்கிறது?

கரைவலை இழுப்புக்குப் பல கைகள் வேண்டும். அம்பாவின் தாளத்திற்குக் கயிறு இழுப்பவனிடம் சான்றிதழ் கேட்பாரில்லை. பேச்சு வராதவனுக்கும் அங்கே ஒரு பிடி கயிறு கிட்டும். இதைப் பொற்காலமென்று நான் பாடவில்லை. ஏளனமும் அரைக்கூலியும் அதன் மறுபக்கம். ஆயினும் அது ஓர் இடம். 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறிக்க, கரையைக் கடல் அரித்தது, தென்னைகளும் சரிந்தன. வயலிலோ பல கைகளின் வேலையை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது.

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. 2016இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 14இலிருந்து 16ஆக உயர்ந்தது, ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை அவ்வாண்டிலேயே ஏற்றது. பதினேழாம் வயதில் என்ன? அரசாங்க வெற்றிடங்களில் 3 சதவீதம் இவர்களுக்கென 1988இன் சுற்றறிக்கை கூறுகிறது. ஆனால் பதவிக்குரிய கல்வித் தகைமை வேண்டுமாம். குறைபாடு கடமைக்கு இடையூறாகவும் இருத்தலாகாதாம். விசேட கல்வி அலகிலிருந்து சாதாரணதரச் சான்றிதழின்றி வெளியேறும் இளைஞன் இவ்விரு வரிகளிலேயே விலக்கப்படுகிறான். பின்னர் அவனுக்கு உம்மாவின் அடுப்படியே பாடசாலை, தொழிற்சாலை, மருத்துவமனை யாவும். அந்த உம்மாவின் உழைப்புக்குக் கூலியுமில்லை, விடுமுறையுமில்லை.

1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதே ஒலுவிலில்தான் நிற்கிறது. அதன் நூலகத்தில் அடுக்கவும் எண்ணவும் புத்தகங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் நீர் ஊற்ற மரங்கள் இருக்கின்றன. முழுக்கூலியோடு எத்தனை பேரை அது அழைக்கும் என்று அங்கே படிக்கும் மாணவர்களே கேட்கத் தொடங்கலாம்.