கடல் வாணிகமும் திருக்கதலீச்சரமும்

தனக்கு வேண்டுவனவற்றைத் தானே விளைத்துக்கொள்ளும் பெருநாடும் அயல்நாடுகளின் துணையின்றி நிறைவெய்துதல் அரிது. கி.பி. 960 முதல் 1279 வரை சீனத்தில் அரசு செலுத்திய சொங் மரபினர் வரலாறு இவ்வுண்மையை இனிது விளக்குகின்றது. வடபுல நிலவழிகள் பகைவர் கையகப்பட்டமையின் அவ்வரசர் தென்கடலை நோக்கினர். 971இல் குவாங்சோவிலும், 1087இல் சுவான்சோவிலும் கடல் வாணிகத்திற்கெனத் தனி அதிகாரிகளை நியமித்தனர். அவ்வதிகாரிகள் வந்திறங்கிய பண்டங்களுக்கு ஆயங் கொண்டனர். அருமையான சிலவற்றை அரசின்பொருட்டு விலைக்குங் கொண்டனர்.

சோழர் தூதுவர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவையை அடைந்தனர். இவற்றுள் இறுதியது, சுங்கந்தவிர்த்த சோழன் எனப் புகழ்பெற்ற முதற் குலோத்துங்கன் காலத்தது. அத்தூதில் 72 பேர் சென்றனர். யானைத் தந்தம், கற்பூரம், பன்னீர் முதலியன கொடுத்து, 81,800 கோவை செப்புக் காசுகள் பெற்று மீண்டனர் என்பது சீனர் குறிப்பு. கற்பூரம் சோழ நாட்டில் விளைவதன்று. சுமத்திரைக் காடுகளில் உண்டாவது. பன்னீரோ மேல்கடல் நாடுகளிலிருந்து வருவது. ஆதலின், தம் நாட்டு விளைபொருளை விற்றலோடு அமையாது, பிறர் பொருளைப் பிறர்பாற் கொண்டு சேர்க்கும் தொழிலையும் தமிழ் வணிகர் மேற்கொண்டிருந்தனர் என்பது பெறப்படும்.

இவ்வாணிகத்தாற் சீனத்திற்கு ஓர் இடர் நேர்ந்தது. நறுமணப் பண்டங்களுக்கு ஈடாகச் செப்புக் காசுகள் கலங்களில் ஏறி அயல்நாடு சென்றன. தஞ்சைப் பகுதியிற் புதையலாக வெளிப்பட்ட சீனக் காசுகள் இதற்குச் சான்றாம். அரசர் பன்முறை தடைவிதித்தும் அஃது ஒழிந்தபாடில்லை. முடிவில் 1219இல், காசுக்கு மாறாகப் பட்டும் பீங்கானும் அரக்குப் பூசிய கலன்களும் கொடுக்குமாறு ஆணை பிறந்தது.

பண்டங்கள் கடல் கடப்பதற்குக் காவலும் நம்பிக்கையும் இன்றியமையாதன. இவற்றை வணிகக் குழுக்கள் அளித்தன. தகுவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே தோண்டிய குளமொன்று மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதைக் கூறும். சுமத்திரையின் பாருசு என்னுமிடத்து 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கு வரும் மரக்கலத்தார் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றி ஐந்நூற்றுவர் செய்த ஏற்பாட்டைக் கூறும். அயலார் மண்ணில் நீர்நிலை காத்தும் முறைமை வகுத்தும் வாழ்ந்தவர் வந்துபோம் விருந்தினர் மாத்திரம் அல்லர்.

சொங் அரசு வீழ்ந்து மங்கோலியர் ஆட்சி எய்தியபின்னும் சுவான்சோவில் தமிழர் இருந்தனர். அங்கே சகம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. குப்லாய்கானின் ஆணைபெற்று, அவன் நலத்தின்பொருட்டு, தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பார் திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தமையை அது தெரிவிக்கின்றது.

இஃது ஆள்வோனை மகிழ்விக்கச் செய்த வணிக உபாயமே எனச் சிலர் கூறலாம். ஆள்வோன் மனத்தை மகிழ்விக்க முத்தும் பொன்னுமே சாலும். அதற்குச் சிவாலயம் வேண்டுவதில்லை. அன்றியும், அரசன் திருமேனி நலத்தின்பொருட்டு ஆலயத்தில் அறஞ் செய்தல் தமிழ்நாட்டுக் கோயில்களில் நெடுங்காலமாக வழங்கிய மரபு. சோழர்க்கும் பாண்டியர்க்கும் செய்த அதனையே, தாம் வாழ்ந்த நாட்டின் வேந்தனுக்கும் அவ்வடியார் செய்தனர். நாடும் வேந்தும் வேறாயினும் நாயனார் வேறாகாமையின், அம்மரபும் வேறாகவில்லை.

அவ்வாலயம் இன்று இல்லை. அதன் காலத்தனவாகிய சைவ வைணவச் சிற்பங்கள் அந்நகரத்துக் காட்சிச்சாலையிலும், கையுவான் என்னும் புத்தர் கோயிலின் தூண்களிலும் மேடையிலும் காணப்படுகின்றன. சிவலிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பமும் அவற்றுள் உண்டு. அதனைக் காணும் அன்பர்க்குத் திருவானைக்கா நினைவிற்கு வாராதிராது. அயலிலுள்ள சீதியான் என்னும் சிற்றூரில், தமிழர் வடித்த திருவுருவமொன்றைச் சீன மக்கள் தம் தெய்வமாகக் கொண்டு வழிபட்டு வருகின்றனர்.

ஏற்றிய பண்டங்கள் நுகரப்பட்டொழிந்தன; எண்ணிப் பெற்ற காசுகள் மண்ணிற் புதைந்தன. ஈட்டிய பொருளில் இறைவன் பணிக்கென ஒதுக்கிய சிறு பங்கே எழுநூறு ஆண்டு கடந்தும் அவ்வணிகரை நமக்கு அறிவிக்கின்றது. பொருளீட்டுவார் உளங்கொள்ளத்தக்கது இதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.