வெறுமை காட்டிய வழி



நோய்க்கிருமிகள் உடலுட் புகும்போது அவற்றை எதிர்த்து நிற்கும் படையொன்று நமது குருதியிலே உண்டு. அப்படை எவ்வாறு உருவாகின்றது, யாருடைய ஆணைக்கு அது எழுகின்றது என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு, நோயுற்ற சிறுவன் ஒருவனிடமிருந்து தொடங்குகின்றது.

அமெரிக்கத் தலைநகரிலிருந்த வால்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையிலே குழந்தை மருத்துவராய் விளங்கியவர் ஒக்டன் புரூட்டன். அவரிடம் வந்த எட்டு வயதுச் சிறுவன், நான்கு ஆண்டுகளில் 19 முறை கடுமையான கிருமித் தொற்றுக்கு ஆளானவன். மருந்தினால் தேறுவான், சின்னாளில் மீண்டும் வீழ்வான். குருதியிலுள்ள புரதங்களை மின்சாரத்தின் துணைகொண்டு பிரித்தறியும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் திசெலியஸ் முன்னரே வகுத்திருந்தார். அம்முறையாற் சிறுவனின் குருதியை ஆராய்ந்தபோது, காமா குளோபுலின் என்னும் புரதம் தோன்றவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அப்புரதத்திலேதான் அடங்கியுள்ளன.

இல்லாததைப் பிறர் குருதியிலிருந்து எடுத்துக் கொடுப்போம் எனத் துணிந்தார் புரூட்டன். மாதந்தோறும் ஊசிமூலம் காமா குளோபுலின் ஏற்றப்பட்டது. சிறுவனை வாட்டிய தொற்றுக்கள் நின்றன. 1952ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று.

நோய் தணிந்தது, காரணமோ புலப்படவில்லை. 1965இல் மக்ஸ் கூப்பர், ரொபேட் குட் என்போர் கோழிகளை ஆராய்ந்து, எதிர்ப்புப் படையில் இரு பிரிவுகள் உண்டென்றும், பிறபொருளெதிரிகளை ஆக்குவது அவற்றுள் ஒன்றே என்றும் காட்டினர். மனிதரிடத்தே அப்பிரிவைச் சேர்ந்த வெண்குழியங்கள் என்பு மச்சையிலே பிறந்து வளர்கின்றன. நோயுற்ற சிறுவரிடத்தோ அவை முதிர்ச்சியடையுமுன்னரே தடைப்பட்டுப்போகின்றன.

தடைக்குக் காரணம் 1993இலே தெரியவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகின் பழுதே இந்நோயின் மூலம் எனக் கண்டனர். அந்த அலகு ஆக்கும் நொதியத்துக்குப் புரூட்டனின் பெயரையே சூட்டினர். ஆண்மக்களுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றே உளதாகையால், இந்நோய் பெரும்பாலும் அவர்களையே பற்றுகின்றது.

இந்நொதியத்தின் தொழில் யாது? வெண்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி ஒரு செய்தியைப் பெற்றதும், இது மற்றொரு புரதத்தின்மீது பொஸ்பேற்றுக் கூறொன்றை இணைக்கின்றது. அதனாற் செய்தி கைமாறிச் செல்ல, குழியத்தினுள்ளே கல்சியம் பெருகுகின்றது. 'வாழ்க, வளர்க, பல்குக' என்னும் ஆணை கருவைச் சென்றடைகின்றது. தூதுவன் இல்லையேல் ஆணையில்லை. ஆணை இல்லையேற் படையுமில்லை.

அதே தூதுவனைப் புற்றுநோயும் பயன்படுத்துவதுண்டு. சிலவகைக் குருதிப் புற்றுநோய்களில், கெட்டுப்போன வெண்குழியங்கள் இந்நொதியத்தின் துணையாலேயே பெருகுகின்றன. ஆகவே அதனைத் தடுக்கும் இப்ருட்டினிப் என்னும் மருந்து ஆக்கப்பட்டு, 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு சிறுவனிடத்தே இல்லாமையாற் கேடு விளைத்த பொருளை, வேறு நோயாளரிடத்தே அடக்குவதால் நன்மை விளைகின்றது.

பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்க்கும் ஆசிரியனின் கண் வராத பிள்ளையின் பெயரிலேதான் தங்கும். புரூட்டனின் கண்ணும் அவ்வாறே வெறுமையிலே தங்கிற்று. காரணம் தெரிய 41 ஆண்டுகள் சென்றன. ஆயினும் அதுவரை அவர் காத்திருக்கவில்லை. இல்லாததைக் கொடுத்துப் பிள்ளையைக் காத்தார். இன்றும் இந்நோயுற்றோர் பலர் அவர் காட்டிய வழியிலேயே உயிர் வாழ்கின்றனர்.