இணையத்திற்கு ஒரு வாரம் முந்திய வரிச்சட்டம்

1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் மாற்றுத்திறனாளிகள் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினர். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். உணவகம், மருந்துக்கடை, சலவையகம் எனப் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக இருப்பவற்றை இயன்ற அளவு நீக்க வேண்டும் என்பது சட்டக் கடமையாயிற்று. அக்கடமைக்கான செலவைச் சிறு வணிகர் மட்டுமே சுமப்பதா என்ற வினாவும் உடன் எழுந்தது.

அதற்கான விடை வரிச்சட்டத்தின் வழியாக வந்தது. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1976ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், கட்டடத் தடைகளை அகற்றச் செலவிடும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள வழிசெய்தது. பின்னர் அவ்வரம்பு 35,000 டாலராக உயர்ந்தது. 1990 நவம்பர் 5 அன்று நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம் அதை 15,000 டாலராகக் குறைத்து, சிறு நிறுவனங்களுக்கென 44ஆம் பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. முந்தைய ஆண்டில் மொத்த வரவு 10 லட்சம் டாலரைத் தாண்டாத, அல்லது முழுநேர ஊழியர் 30 பேருக்கு மிகாத நிறுவனம் இதற்குத் தகுதி பெறும். அணுகல் வசதிக்கான செலவில் முதல் 250 டாலரை நீக்கி, 10,250 டாலர் வரையிலான தொகையில் பாதி திரும்பக் கிடைக்கும். ஆகவே உச்ச வரம்பு 5,000 டாலர். இது வருமானத்தில் கழிக்கப்படுவதன்று. செலுத்த வேண்டிய வரியிலேயே குறைக்கப்படுவது.

இச்சட்டம் நிறைவேறி ஏழு நாள்களில், நவம்பர் 12 அன்று, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் கைலியோவும் வையவிரிவலைக்கான திட்ட முன்மொழிவை அளித்தனர். 44ஆம் பிரிவை எழுதியவர்கள் கண்முன் இருந்தவை சாய்தளம், சைகைமொழி பெயர்ப்பாளர், ஒலிநாடாவில் பதிந்த நூல் ஆகியவையே. இணையத்தளம் என்ற சொல் அதில் இல்லை.

இதனால் ஒரு விந்தையான சிக்கல் தோன்றியது. சட்டம் நிறைவேறிய நாளுக்குப் பின் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த எந்த வசதியிலும் தடை நீக்கும் செலவுக்கு இவ்வரிச்சலுகை பொருந்தாது என்று அப்பிரிவு கூறுகிறது. புதிய கட்டடம் தொடக்கத்திலேயே தடையின்றி அமைய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் உலகின் இணையத்தளங்கள் அனைத்தும் அந்நாளுக்குப் பிந்தியவை. தளத்தைக் கட்டடம்போலக் கருதினால் ஒரு காசும் தேறாது. ஆயினும் பார்வைக் குறைபாடுடையோருக்குக் காட்சிவழி உள்ளடக்கத்தைக் கிடைக்கச் செய்யும் முறைகளும் ‘இவை போன்ற பிற சேவைகளும்’ அதே பிரிவில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. திரைவாசிப்பானுக்கு ஏற்பத் தளத்தைத் திருத்தும் செலவை வரி ஆலோசகர்கள் இத்தொடர்களின் நிழலிலேயே கோருகின்றனர்.

நீதிமன்றங்கள் இப்பிரிவைக் கறாராகவே வாசித்தன. செவித்திறன் குறைந்த நோயாளிகளுக்கு விளக்க உதவும் என்று வாய்க்குள் படமெடுக்கும் கருவியை வாங்கிய பல் மருத்துவர் ஒருவரின் கோரிக்கையை வரி நீதிமன்றம் 2001இல் நிராகரித்தது. எழுதிக்காட்டும் முறையால் அவர் சட்டக் கடமையை முன்பே நிறைவேற்றிவிட்டார் என்பது காரணம். சிறு மாற்றம் செய்த பொதுத் தொலைபேசிகளை முதலீட்டாளர்களிடம் விற்று, வரிச்சலுகை கிடைக்கும் என்று ஆசைகாட்டிய திட்டமொன்றும் 2005இல் அதே நீதிமன்றத்தில் வீழ்ந்தது. உண்மையில் தகுதியுடைய சிறு வணிகரோ இப்பக்கம் வரவே இல்லை. மிகச் சிலரே இதைப் பயன்படுத்துகின்றனர் என்றும், பலருக்கு இதைப் பற்றிய அறிமுகமே இல்லை என்றும் பொதுக் கணக்காய்வு அலுவலகத்தின் 2002ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது.

இதற்கிடையே கடமை விரிந்துகொண்டே சென்றது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும் என்று நீதித்துறை அமைச்சகம் 1996இலேயே ஒரு கடிதத்தில் தெரிவித்தது. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் முதற்பதிப்பு 1999இல் வெளிவந்தது. பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் டோமினோஸ் நிறுவனத்தின் தளத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கைத் தடுக்க முயன்ற மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்க மறுத்தது. கலிபோர்னியாவின் குடியுரிமைச் சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு உண்டு.

வரிச்சலுகையின் உச்ச வரம்போ 1990இல் வகுத்த 5,000 டாலரிலேயே நிற்கிறது. விலைவாசிக்கேற்ப உயர்த்தும் ஏற்பாடு அப்பிரிவில் இல்லாததால், அதன் வாங்கும் ஆற்றல் இன்று பாதிக்கும் கீழ். செலவில் பங்கேற்பதாக ஏற்றுக்கொண்ட அரசு, எந்த அறிவிப்புமின்றித் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டது. உரிமையைப் பற்றிய செய்தி சிறு வணிகரை வழக்கறிஞர் அறிவிப்பாகவே முதலில் எட்டுகிறது. அப்போது அவருடைய சினம் வரிச்சட்டத்தின் மீது திரும்புவதில்லை. தளத்தைப் படிக்க இயலாமல் முறையிட்ட பார்வையற்றவர் மீதே திரும்புகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தனியார் துறையில் வேலை அளிப்போருக்கு ஊக்கச் சலுகை பற்றி 35ஆம் பிரிவில் பேசுகிறது. எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது. கடமை இங்கும் சிறு கடைகளின் தளங்களை நெருங்கி வருகிறது. செலவுப் பங்கீட்டை இங்கே வகுக்க முற்படுவோர், தொழில்நுட்பம் மாறினாலும் பொருந்தும் சொற்களும் விலைவாசியோடு உயரும் வரம்பும் முதல் வரைவிலேயே இடம்பெற்றுள்ளனவா என்று பார்ப்பது நலம்.